கல்விச் சொல்லில் வினைமுதல் எங்கே?

தான் பெற்ற பிள்ளைக்குப் பெயரிடும் உரிமையை எவரும் அயலாரிடம் விட்டுவிடுவதில்லை. ஆனால், அந்தப் பிள்ளை பயிலும் பள்ளியில் நடைபெறும் திட்டங்களுக்கும் தேர்வுகளுக்கும் குழுக்களுக்கும் பெயரிடும் உரிமையை நாம் எளிதாக விட்டுவிட்டோம். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள பள்ளிகளுள் எதற்கேனும் சென்று, சுவரில் எழுதியிருப்பவற்றையும் தலைமையாசிரியரின் மேசைமேல் கிடக்கும் சுற்றறிக்கைகளையும் படித்துப் பாருங்கள். ‘எமிசு’ என்றிருக்கும், ‘எசு.எம்.சி.’ என்றிருக்கும், ‘சமக்ர சிக்சா’ என்றிருக்கும், ‘தீக்சா’, ‘நிட்டா’, ‘நிபுண்’ என்றெல்லாம் இருக்கும். இவற்றுள் ஒன்றேனும் காசிமேட்டில் மீன் விற்கும் தாய்க்கு விளங்குமா? மணலித் தொழிற்சாலையில் ஒப்பந்தக் கூலியாக உழைக்கும் தந்தைக்கு விளங்குமா? விளங்கக் கூடாது என்பதற்காகவே இட்ட பெயர்களோ இவை என்று ஐயுறும்படியன்றோ இருக்கின்றன!

“சொல் எதுவாயிருந்தால் என்ன? பிள்ளைக்குக் கல்வி கிடைத்தால் போதாதா?” என்று கேட்கும் நண்பர்கள் நம்மிடையேயும் உளர். போதாது என்பதே நம் விடை. ஏனெனில், கல்வித் திட்டத்தின் பெயர் வெறும் பெயரன்று. கொடுப்பவர் யார், பெறுபவர் யார், தவறினால் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்பதை அது சொல்கிறது, அல்லது மறைக்கிறது. ஒரு தொழிலுக்கு முதனிலைகள் எட்டு என வகுத்தார் தொல்காப்பியர். செய்பவர், செயப்படுபொருள், யாருக்காகச் செய்யப்படுகிறது என்பது, அதனால் வரும் பயன் ஆகியன அவற்றுள் அடங்கும். கல்வித் துறையிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் இந்த அளவுகோல் கொண்டு அளந்து பார்ப்போம். வினைமுதல் எங்கே என்று தேடுவோம். உண்மை தானே வெளிப்படும்.

முதலில் தில்லியிலிருந்து வரும் பெயர்களை எடுத்துக்கொள்வோம். 2022இல் அறிவிக்கப்பட்ட ‘பி.எம். சிரீ’ என்னும் திட்டத்தின் பெயரைப் பிரித்துப் பாருங்கள். முன்பகுதி ‘பிரதான் மந்திரி’ என்னும் இந்தித் தொடரின் சுருக்கம். பின்பகுதி, எழுச்சியுறும் இந்தியாவுக்கான பள்ளிகள் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் எழுத்துகளைக் கொண்டு கோத்தது. முதலெழுத்தை மட்டுமே எடுத்தால் ‘சிரீ’ வாராது என்பதால், பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து இரண்டெழுத்துகளைக் கடன் வாங்கியுள்ளனர். 2021இல் வந்த ‘நிபுண் பாரத்’தும், ஆசிரியர் பயிற்சிக்கென 2019இல் வந்த ‘நிட்டா’வும், இணையவழிப் பாடங்களுக்கென 2017இல் வந்த ‘தீக்சா’வும் இப்படியே ஆக்கப்பட்டவை. முடிவில் வடசொல் ஒன்று வரவேண்டும் என்று முன்னரே முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ப ஆங்கிலச் சொற்களைத் தேடிப் பொறுக்கிய சொல் வணிகம் இது. ஆங்கிலம் அறிந்தவர்க்கு அது ஆங்கிலம். இந்தி அறிந்தவர்க்கு இந்தி. தமிழ்த் தாய்க்கோ இரண்டுமில்லை. மொழிபெயர்க்க முடியாதபடி பெயரைக் கட்டி அனுப்புவது, எளியோர் வினவ முடியாதபடி திட்டத்தைக் கட்டி அனுப்புவதாகும்.

அந்தப் பெயரோடு வந்த ஒப்பந்தம், 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டு அரசு கையொப்பமிட மறுத்தது. அதன்மேல், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி உருபா நிறுத்திவைக்கப்பட்டது. 2025 மே திங்களில் தமிழ்நாட்டு அரசு உச்ச நயன்மன்றத்தில் வழக்குத் தொடுக்க நேர்ந்தது. அந்தக் கொள்கையின் வரைவு 2019 மே இறுதியில் வெளிவந்தபோது ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வந்தது என்பதையும், தமிழகத்தில் எதிர்ப்பு மூண்ட சில நாள்களிலேயே இந்தி பற்றிய பகுதி மாற்றியெழுதப்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. படித்துப் புரிந்துகொண்ட மக்கள் எதிர்த்தார்கள், எதிர்த்ததால் மாறியது. படித்துப் புரிந்துகொள்ள முடியாதவாறு எழுதப்படுவது எதனால் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

எண்ணூர் மக்களுக்கு இது கல்வியில் மட்டும் நேர்ந்ததன்று. 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான புதிய வரைவு அறிவிக்கையை நடுவணரசு வெளியிட்டபோது, இருபத்திரண்டு அட்டவணை மொழிகளிலும் அதனைப் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர் நயன்மன்றம் ஆணையிட்டது. நடுவணரசோ, ஆங்கிலமும் இந்தியுமே போதும் என்று உச்ச நயன்மன்றத்தில் வழக்காடியது. சாம்பலும் புகையும் எண்ணெயும் எண்ணூர் மக்கள்மேல் வந்து படியும். அவற்றை அளக்கும் சட்டம் மட்டும் அவர்கள் மொழியில் வாராது! நுரையீரலுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை என்று எண்ணிவிட்டார்கள் போலும்.

இனி, மொழிபெயர்ப்பின் வகையைச் சற்று ஆராய்வோம். அதற்கு ஒல்லாந்தர் நாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். எண்ணூருக்கு வடக்கே கடற்கரையோரமாகச் சென்றால் பழவேற்காடு வரும். அங்கே 1613இல் கெல்திரியாக் கோட்டையைக் கட்டிக்கொண்டு வணிகம் நடத்தியவர்கள் அவர்கள். ‘துட்டு’ அவர்களின் காசின் பெயர். ‘கக்கூசு’ அவர்களின் சொல். ஈழத்தார் அலுவலகத்தைக் ‘கந்தோர்’ என்பதும் அவர்கள் விட்டுச் சென்றதே. தம் சொல்லை நம் நாவில் ஏற்றிவிட்டுச் சென்ற அவர்களே, தம் கல்விச் சொற்களை ஆங்கிலத்தில் பெயர்க்க நேர்ந்தபோது எவ்வளவு விழிப்பாக இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

‘பைசொந்தர் ஒந்தர்வைசு’ என்பது அவர்கள் நாட்டுக் கல்விச் சொல். அகரமுதலிப்படி அதற்குச் ‘சிறப்புக் கல்வி’ என்று பொருள். அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்தால், மாற்றுத்திறனுடைய பிள்ளைகளுக்கான கல்வி என்றே உலகம் கொள்ளும். உண்மையிலோ, சமயத்தாரும் தனிக் கழகத்தாரும் நடத்தி, அரசின் பணத்தால் இயங்கும் பள்ளிகளையே அது குறிக்கும். அப்பள்ளிகளுக்கு அரசுப் பள்ளிகளுக்கு நிகரான பண உரிமையை 1917இல் அந்நாட்டு அரசியலமைப்பு வழங்கியது. எனவே, அறிந்து பெயர்ப்போர் சொல்லை விட்டு அமைப்பைப் பெயர்ப்பர். மேற்கல்வி நிலையங்கள் பலவற்றுக்கு அங்கு ‘ஓகசுகோல்’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘உயர் பள்ளி’ என்றாகி, பதினைந்து அகவைப் பிள்ளைகள் பயிலும் இடமாகிவிடும். ஆதலால் வெளிநாட்டார்க்கு அதைப் ‘பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம்’ என்று பொருள்பட ஆங்கிலத்தில் வழங்குகின்றனர். தம் சொல்லைத் தம் நாட்டில் வைத்துக்கொண்டனர். பொருளை மட்டும் அயல்மொழிக்கு அனுப்பினர்.

நாம் செய்வதோ இதற்கு நேர்மாறு. அயற்சொல்லை வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறோம். பொருளை வாயிலில் நிறுத்திவிடுகிறோம்.

அந்நாட்டின் மற்றொரு சொல்லும் நமக்குப் பாடமாகும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்னும் சட்டத்தை அவர்கள் ‘கற்கும் கடமை’ என்று பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர். 1900இல் அச்சட்டம் ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது என ஒரே வாக்கு மிகுதியில் நிறைவேறியது. எதிர்த்து வாக்களிக்க வேண்டிய உறுப்பினர் ஒருவர் குதிரையிலிருந்து விழுந்து, அவைக்கு வர இயலாமற்போனதே அதற்குக் கரணியம் என்பர். கடமை என்றவுடன், யாருடைய கடமை என்ற வினா எழும். அங்கே அது பெற்றோர்மேல் வைக்கப்பட்டது.

நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தைக் ‘கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்’ என்று தமிழில் வழங்குகிறோம். கட்டாயம் யாருக்கு? தெருவில் நிற்கும் எவரைக் கேட்டாலும், “பிள்ளைக்கு, அனுப்பாவிட்டால் பெற்றோருக்கு” என்பார். சட்டத்தின் எட்டாம் பிரிவோ வேறு சொல்கிறது. கட்டாயம் என்பது அரசின் கடப்பாடு என்கிறது அது. கட்டணமின்றித் தொடக்கக் கல்வி தருவதும், சேர்க்கையையும் வருகையையும் கல்வி நிறைவையும் உறுதிசெய்வதும் அரசின்மேல் சுமத்தப்பட்ட கடன். சட்டம் அரசைக் கட்டியது. மொழிபெயர்ப்பு அந்தக் கட்டை அவிழ்த்துப் பிள்ளையின் காலில் பூட்டிவிட்டது. ‘அரசு கடப்பாட்டுக் கல்வி’ என்று பெயர்த்திருந்தால், பள்ளியில் ஆசிரியர் இல்லாத நாளில் திருவொற்றியூர்ப் பெற்றோர் யாரைக் கேட்க வேண்டும் என்பதை அந்தச் சொல்லே கற்றுத் தந்திருக்கும்.

‘இடைநிற்றல்’ என்னும் சொல்லையும் இவ்வாறே நோக்குக. பிள்ளைகள் பள்ளியை விட்டுப்போவதற்குக் கல்வித் துறை வழங்கும் தமிழ்ச்சொல் இது. நல்ல தமிழ்தான், ஐயமில்லை. ஆனால் இலக்கணம் பயின்றோர் ஒரு நொடி நின்று எண்ண வேண்டும். நிற்றல் தன்வினை, நிறுத்தல் பிறவினை. இடைநின்றான் என்றால் அவனே நின்றான், குற்றம் அவனுடையது. தந்தையின் வேலை பறிபோனதால் நிறுத்தப்பட்ட பிள்ளையும், குடியிருப்பை அகற்றித் தொலைவிற் கொண்டுபோய்க் குடியேற்றியதால் நிறுத்தப்பட்ட பிள்ளையும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளையும் தாமே நின்றவர்கள் ஆவார்களா? அவர்கள் ‘இடைநிறுத்தப்பட்டோர்’ அல்லரோ? ஒரு விகுதி மாறினால் பொறுப்பு இடம் மாறுகிறது. இதைத்தான் வினைமுதலைத் தேடுங்கள் என்கிறேன்.

எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டம் முதலில் தந்த காப்பு. தெருமொழியில் அது ‘ஆல் பாசு’ ஆயிற்று. நிறுத்திவைக்காமை என்பது பள்ளிக்கு இட்ட கட்டளை. ‘ஆல் பாசு’ என்பதோ படிக்காத பிள்ளைக்குக் கிடைத்த கொடை என்னும் ஏளனம். அந்த ஏளனச் சொல் வேரூன்றிய நிலையில் அந்தக் காப்பை எடுத்துவிடுவதும் எளிதாயிற்று. 2019இல் சட்டம் திருத்தப்பட்டது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்திவைக்கலாம் என 2024 திசம்பரில் நடுவணரசு விதி வகுத்தது. 2025 ஆகட்டு 8இல் வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை அவ்வழியில் செல்லவில்லை, அதனை வரவேற்கிறோம். ஆயினும் அந்தக் காப்புக்கு மக்கள் நாவில் வழங்கும் நல்ல பெயர் ஒன்று இன்றுவரை இல்லையே!

மக்கள் தாமே மொழிபெயர்த்து வென்ற வரலாறும் நமக்குண்டு. 1953இல் இராசாசி ஆட்சி ஒரு திட்டம் கொண்டுவந்தது. ‘திருத்தியமைத்த தொடக்கக் கல்வித் திட்டம்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் அதற்கு. கேட்பதற்கு எவ்வளவு தூய்மை! பிள்ளை பள்ளியில் மூன்று மணி நேரம் பயில வேண்டும். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்பது உள்ளீடு. பெரியாரும் அவர் வழிநின்றோரும் அதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்றனர். அகரமுதலியில் அந்த ஆங்கிலத் தொடருக்கு அப்படி ஒரு பொருள் கிடையாது. ஆனால் அதைவிடச் செம்மையான மொழிபெயர்ப்பும் கிடையாது. செம்படவன் மகன் செம்படவன், வண்ணான் மகன் வண்ணான் என்னும் பயனை அந்த ஒரு சொல் ஊர்தோறும் உணர்த்தியது. 1954இல் இராசாசி விலகினார். காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. ஆங்கிலப் பெயரை இன்று எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. தமிழ்ப் பெயரே வரலாறாக நிற்கிறது.

நல்ல பெயர்களை அரசும் ஆக்கியதுண்டு. ‘சருவ சிக்சா அபியான்’ என்று வந்ததை ‘அனைவருக்கும் கல்வி இயக்கம்’ என்று பெயர்த்தனர். யாருக்காக என்பது முதற்சொல்லிலேயே விளங்கியது. 2021இல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தேடி வருவது கல்வி, வினைமுதல் தெளிவு. ‘நிபுண்’ என்று தில்லி சொன்னதை 2022இல் தமிழ்நாடு ‘எண்ணும் எழுத்தும்’ என்றது. பாட்டியும் அறிந்த சொற்கள். பேரன் எதைக் கற்கவேண்டும் என்பதை அவளே கேட்டறியலாம். ‘சமச்சீர்க் கல்வி’ என்பதன் ஆற்றலையோ சொல்லவே வேண்டா. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ள சொல் நம் மக்களுக்குப் பள்ளிச் சீருடையையே நினைவூட்டும். தமிழ்ப் பெயரோ ஏழை பிள்ளைக்கும் செல்வர் பிள்ளைக்கும் ஒரே தரம் என்று முழங்கியது. வழக்கு உச்ச நயன்மன்றம் வரை சென்று 2011 ஆகட்டில் தீர்ந்தபோது, ஆங்கில இதழ்களே அத்தமிழ்ப் பெயரைத் தம் எழுத்தில் எழுதின. நல்ல சொல் எல்லை கடக்கும். அதற்கு ஆங்கில முக்காடு வேண்டுவதில்லை.

கடல் கடந்த நம் உறவினரைப் பாருங்கள். ஈழத்தில் பத்தாண்டுக்கு மேலாகப் படித்த பிள்ளை எழுதும் பொதுத் தேர்வுக்குக் ‘க.பொ.த.’ என்று பெயர். கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் என்பதன் சுருக்கம். அதில் வடசொற் கலப்பு உண்டு என்பது உண்மையே. எனினும் சுருக்கமும் தமிழெழுத்தில், விரிவும் தமிழ் வாயில். பள்ளித் தலைவர் அங்கே ‘அதிபர்’. எண்ணற்ற இன்னல்களுக்கிடையிலும் அவர்கள் காத்ததை, ஆட்சியும் அமைச்சரவையும் கையில் உள்ள நாம் காக்கவில்லை. இங்கே பிள்ளை ‘பிளசு டூ’ படிக்கிறான். ஆசிரியர் ‘டெட்’ எழுதுகிறார். வருகைப் பதிவு ‘எமிசு’வில் ஏறுகிறது. தில்லியைக் கடிந்த அதே வாயால் நம் தலைமைச் செயலகத்தையும் கடியாவிட்டால் நம் தமிழ்ப்பற்று ஒருகண் குருடு ஆகிவிடும்.

இவற்றுள் மிகக் கேடு விளைப்பது ‘எசு.எம்.சி.’ என்னும் மூன்றெழுத்து. பள்ளி மேலாண்மைக் குழு என்று அதற்குத் தமிழ்ப் பெயர் உண்டு. தாளில் உண்டு, நாவில் இல்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உறுப்பினருள் பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், அரசு தரும் பணம் எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பதும் அவர்கள் உரிமை. இப் பகுதிப் பள்ளி ஒன்றில் நடந்த அத்தகைய கூட்டத்தில், உறுப்பினரான ஒரு தாய் இரண்டு மணிநேரம் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார். வெளியே வந்தபின், “ஐயா, கையெழுத்துப் போடத்தானே கூப்பிட்டாங்க?” என்று என்னைக் கேட்டார். ‘பள்ளியை ஆளும் பெற்றோர் குழு’ என்று அழைத்திருந்தால் அவர் அப்படிக் கேட்டிருப்பாரா? மூன்று ஆங்கில எழுத்துகள் ஒரு தாயிடமிருந்து அவர் பெற்ற உரிமையை மறைத்துவிட்டன. திருட்டு என்று இதனைச் சொல்லாமல் வேறெதனைச் சொல்வது?

உழைப்பாளர் வாழும் இப் பகுதிக்கு இப் பாடம் புதிதன்று. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, திரு.வி.க. போன்றோர் ஆலைத் தொழிலாளரிடையே தமிழில் பேசினர். கூலியையும் உரிமையையும் வேலைநிறுத்தத்தையும் தமிழ்ச் சொற்களால் எடுத்துரைத்தனர். சொல் விளங்கியதால் தொழிலாளி நிமிர்ந்தான். அன்று ஆலை வாயிலில் நடந்தது இன்று பள்ளி வாயிலில் நடக்க வேண்டும்.

“எல்லாச் சொற்களையும் தமிழாக்கினால் பிள்ளைகள் உலகத் தொடர்பு அற்றுப்போவார்கள்” என்பர் சிலர். பிள்ளை ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே கற்கட்டும், நன்றாகக் கற்கட்டும். ‘எமிசு’ என்று ஒலிப்பதால் எந்தப் பிள்ளைக்கும் ஆங்கிலம் வந்துவிடாது. “தமிழாக்கம் கடினமாயிருக்கும்” என்பர் வேறு சிலர். கடினமான தமிழாக்கங்கள் உண்டு என்பதை நாமும் ஒப்புவோம். எந்தப் பிள்ளையையும் ஒதுக்காமல் ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிப்பதை ‘உள்ளடங்கிய கல்வி’ என்கின்றனர், எவருக்கு விளங்கும்? ‘ஒதுக்காக் கல்வி’ என்றால் உடனே விளங்குமே! சொல்லை அலுவலக அறைக்குள் அமர்ந்து பெயர்த்தால் கடினமாகத்தான் வரும். ‘ஊனமுற்றோர்’ என்னும் சொல்லை நீக்கி ‘மாற்றுத்திறனாளி’ என்று ஆக்கியபோது நாடே ஏற்றுக்கொண்டதன்றோ? மதிப்பைக் காக்கும் சொல் நாவில் தானே அமரும்.

ஆகவே, தமிழ்நாட்டு அரசிடம் நாம் கேட்பவை இவை. ஒன்று, பள்ளிக்கும் பெற்றோர்க்கும் செல்லும் எந்தத் தாளிலும் தமிழ்ப் பெயரின்றித் திட்டம் எதுவும் குறிக்கப்படலாகாது; சுருக்கம் வேண்டுமெனில் தமிழ்ச் சொல்லிலிருந்தே சுருக்கப்பட வேண்டும். இரண்டு, கல்விச் சொல்லாக்கக் குழுவில் தமிழ்ப் புலவரோடு தொடக்கப் பள்ளி ஆசிரியரும் பெற்றோரும் இடம்பெற வேண்டும். மூன்று, சட்டம் யார்மேல் கடன் சுமத்துகிறதோ அவர் பெயர் மொழிபெயர்ப்பில் மறையலாகாது.

நம் தோழர்கள் செய்ய வேண்டுவதும் உண்டு. உங்கள் பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் அடுத்த மடலைக் கையிலெடுங்கள். விளங்காத ஒவ்வொரு சொல்லின்கீழும் கோடிடுங்கள். இதைச் செய்பவர் யார், யாருக்காக, பயன் என்ன என்று மூன்று வினாக்களை எழுதி அந்த மடலைப் பள்ளிக்கே திருப்பிக் கொடுங்கள். ஆசிரியர்மேல் சினங்கொள்ளாதீர்கள், அவரும் மேலிடத்திலிருந்து வந்ததைப் படியெடுத்தவரே. விடை வரும்வரை மீண்டும் மீண்டும் கேளுங்கள்.

திருவொற்றியூர்க் கோயிலில் பாணினியின் வடமொழி இலக்கணம் கற்பிக்கச் சோழர் காலத்தில் மண்டபமும் அதற்கு நிலக்கொடையும் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அயன்மொழி இலக்கணத்துக்கு நிலம் ஈந்த மண் இது. அதே வடசென்னையின் மூலக்கொத்தளத்தில், பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ஆணையை எதிர்த்துச் சிறைப்பட்டு, 1939இல் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் துயில்கின்றனர். ‘கட்டாயம்’ என்ற ஒரு கல்விச் சொல்லின் வினைமுதல் யார் என்று கேட்டு மாண்டவர்கள் அவர்கள். அந்தக் கேள்வியை நாம் விட்டுவிடலாகாது.